அடைத்த அறையும் உலர்ந்த மரமும்

சென்ற கோடையில் பரங்கிப்பேட்டைக்கு அருகே, வெள்ளாற்றங்கரையில், என் பழைய மாணவர் ஒருவரின் தந்தையார் தம் கண்ணாடியிழைப் படகைக் கரையேற்றி வைத்திருந்தார். குறுக்கிருக்கையின் கீழே, நான்கு புறமும் மூடிய ஓர் அறை. அதன் அடிப்பக்கத்தில் அவர் சிறு துளையிட்டதும் நீர் ஒழுகத் தொடங்கியது, நெடுநேரம் நிற்கவேயில்லை. “மேல பெயிண்டு நல்லாத்தான் இருக்கு சார். தண்ணி உள்ள குந்தியிருக்குது” என்றார். கலங்களைப் பற்றி வகுப்பறையில் பல ஆண்டுகளாகப் பேசிவரும் எனக்கு, அந்தத் துளை ஒரு பாடமாயிற்று.

திமில், அம்பி, பஃறி, தோணி, வங்கம், நாவாய் எனச் சங்க நூல்களில் கலப்பெயர்கள் பல உண்டு. அவற்றின் பொருளை மாணவர்க்குச் சொல்கிறோம். ஆனால், நீர் உள்ளே வராமல் அவற்றை எப்படிக் காத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. கடலூர்க் கரையின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே படித்துப் பார்க்கலாம்.

கட்டுமரத்திற்கு இக்கேள்வியே இல்லை. எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் பிணைத்த அதற்கு ‘உள்’ என்று ஒன்று கிடையாது. நீர் மேலே ஏறும், இடைவெளிகளின் வழியே வடியும். அதன் பகை ஓட்டையன்று, ஊறுதல். ஆகவே கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை மணலில் காயவிடுவர். மறுநாள் மீண்டும் கட்டுவர்.

அடுத்தது சலங்கு, ஆங்கிலேயர் மசூலா என்றனர். 1690இல் அவர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித தாவீது கோட்டை எனப் பெயரிட்டபோது, பெருங்கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் கடலிலேயே நங்கூரமிட்டன. அலையுடைப்பைக் கடந்து ஆளையும் சரக்கையும் சுமந்தவை இப்படகுகளே. ஆணியோ விலாச்சட்டமோ இன்றி, பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தனர். இடுக்கில் நார் வைத்து அதன்மேலேயே தையல் ஓடும். அலை மோதும்போது உடல் நெளியும், முறியாது. நெளிவதால் கசியவும் செய்யும். அடியில் சுள்ளி பரப்பி அதன்மேல் மூட்டைகளை அடுக்கி, கசிந்த நீரை இறைத்துக்கொண்டே செல்வர். கயிறு நைந்தால் தையலைப் பிரித்துப் புதிதாகத் தைப்பர். தாமஸ் பௌரி என்ற ஆங்கில வணிகர் 1669 முதல் 1679 வரை இக்கடலில் கண்டதை எழுதியபோது கட்டுமரத்தையும் மசூலாவையும் வியந்து விவரித்தார். 1920இல் ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளை ஆராய்ந்து எழுதியபோதும் இவ்விரண்டும் இக்கரையில் வாழ்ந்துகொண்டிருந்தன.

ஆணியடித்துக் கட்டிய பெருந்தோணிகளுக்குத்தான் அடைப்பு உயிர்நாடி. நம் அகராதிகளில் ‘கலப்பற்று’ என்றொரு சொல் உண்டு. மரக்கலத்தின் இடுக்குகளை அடைத்தல் என்பது பொருள். கலம், பற்று எனப் பிரித்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் போர்ச்சுகீசிய மொழியில் இத்தொழில் செய்பவர் ‘கலஃபாத்தே’. அரபியிலும் இதையொத்த சொல் வழங்குகிறது. கடலோடிகளோடு சொல்லும் பயணம் செய்திருக்கிறது. இடுக்கில் பஞ்சோ நாரோ திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுவர். பழைய அடைப்பைச் சுரண்டியெடுத்து, மரத்தை உலரவிட்டுப் புதிதாக அடைப்பர்.

பின்னர் முந்திரி வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த அம்மரம், இன்று பண்ருட்டிச் செம்மண்ணில் காடாக நிற்கிறது. அதன் கொட்டையோட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அந்தக் காரமே மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவிடமிருந்து படகைக் காக்கும் பூச்சாகவும் ஆயிற்று.

கண்ணாடியிழைப் படகு வேறு உலகம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மரக்கலங்கள் நொறுங்கிய பிறகு, அரசும் தொண்டு நிறுவனங்களும் இத்தகைய படகுகளையே பெருமளவில் வழங்கின. அவசரத்தில் கட்டப்பட்ட பலவற்றின் தரம் குறித்து அப்போதே குறைகள் எழுந்தன. கவிழ்ந்தாலும் படகு மூழ்காமலிருக்கக் காரணம், நுரைப்பொருளோ தெர்மாகோலோ நிரப்பிய இந்த மூடிய அறைகள்தாம். ஒரு லிட்டர் வெற்றிடம் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கும். திருகாணித் துளை வழியாகவோ விளிம்புப் பிளவு வழியாகவோ நீர் புகுந்தால், தாங்க வேண்டிய அறையே சுமையாகிவிடும். புயலில் கடல் படகுக்குள் ஏறும் நாளில்தான் அது தெரியவரும்.

முன்னைய கலங்கள் யாவும் அவிழ்க்கவும் பிரிக்கவும் சுரண்டவும் இடமளித்தன. இந்த அறை மட்டும் திறப்பதற்கென்று செய்யப்படவில்லை. ஆகவேதான் மேலே ஒரு கை பெயிண்ட் அடித்துவிட்டு அமைதி கொள்கிறோம். அந்தப் பூச்சு நீரை உள்ளேயே சிறைவைக்கிறது.

அவர் அப்படிச் செய்யவில்லை. நனைந்த நுரையை வழித்தெடுத்தார். நன்னீரால் உப்பைக் கழுவினார். இனிப் பிளவை உப்புத்தாளால் தேய்த்து, இழைத்துணியும் பிசினும் இட்டு ஒட்டி, அதன் பிறகே வண்ணம் பூச வேண்டும். பாலியெஸ்டர் பிசின் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். பக்கச் சுவரில் திருகு மூடி ஒன்றைப் பொருத்தப் போவதாகச் சொன்னார். ஆண்டுக்கொருமுறை திறந்து பார்க்கலாமாம்.

“எப்போது அடைப்பீர்கள்?” என்று கேட்டேன். அறைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

“காயணும் சார். நாள் சொல்ல முடியாது.”