சாட்சியில்லாத குழந்தைப் பருவம்

1902இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் ஆற்றிய உரைகளிலிருந்தே கவனக் குறைபாட்டின் (ஏடிஎச்டி) வரலாற்றைப் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அறிவில் குறையின்றியும் தம்மைக் கட்டுப்படுத்த முடியாதவர்களாக அவர் விவரித்த 20 குழந்தைகளில் 15 பேர் சிறுவர்கள். 1937இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி பென்செட்ரின் கொடுத்துப் பார்த்த 30 பேரில் 21 பேர் சிறுவர்கள். வகுப்பைக் கலைத்தவனே மருத்துவரிடம் கொண்டுவரப்பட்டான்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1968இல் இதைக் குழந்தைப் பருவ மிகை இயக்கம் என்றே பெயரிட்டது. துள்ளாமலும் கவனம் சிதறலாம் என 1980இல் ஒப்புக்கொண்டது. 1987இல் அந்த வகையை ஓரங்கட்டி, 1994இல் திரும்பச் சேர்த்தது. ஜன்னலோரம் சத்தமின்றி உட்கார்ந்திருந்த சிறுமி இப்படித்தான் ஏட்டில் ஏறி இறங்கி ஏறினாள்.

2013இன் திருத்தப்படி, வளர்ந்தவர்களுக்கும் 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். ஓடுவதும் ஏறுவதும் அவற்றில் அடக்கம். நம் ஊர்களில் ஏறக்குறைய அந்த வயதில்தான் பெண் வயதுக்கு வருகிறாள், ஓட்டம் நிற்கிறது. அதற்கு முன்பும் தண்ணீர்க் குடமும் தம்பியும் அவள் இடுப்பில்தான்.

ஓசூரில் 1970களில் சிப்காட் வந்தது. 1980களில் டைட்டன் கைக்கடிகார ஆலை. இன்று கைபேசிப் பாகங்கள் செய்யும் ஆலைகள், அவற்றில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள். நுண்ணிய வேலைக்குப் பெண்ணின் பொறுமை இயல்பாகவே பொருந்தும் என்பது தொழில் உலகின் பழைய நம்பிக்கை. கவனம் தவறும் பெண்ணுக்கு அந்த நம்பிக்கையில் இடமில்லை. வேலையிடத்திலும் வீட்டிலும் அவளுக்கு ஒரே பெயர்: பொறுப்பில்லாதவள்.

ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், பெங்களூரின் ஓசூர் சாலையிலேயே, 1974இல் உருவான நிம்ஹான்ஸ் இருக்கிறது. எந்த மருத்துவரிடம் போனாலும் சிறுவயதுக்குச் சான்று கேட்பார். மாற்றுச் சான்றிதழில் நடத்தை ‘நன்று’ என்றிருக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இக்குறைபாடு இல்லை.

ஆவணம் இல்லாத இடத்தில் பெண்களின் வரலாற்றை எழுதியவர்கள் வசைகளையும் வழக்குகளையும் வாசித்தார்கள். பால் பொங்கவிட்டவள், சொன்னது காதில் ஏறாதவள் என்று அம்மாவும் அத்தையும் திட்டியதும் சாட்சியமே. அதுமட்டும் போதாது: இரவுப்பணித் தூக்கமின்மை, ரத்தசோகை, மனச்சோர்வும் கவனத்தைக் குலைக்கும், அவற்றைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை. ஆனால் அந்த அறைக்குப் போகும் பெண் திட்டுகளை வயதுவாரியாக எழுதி எடுத்துச் செல்லலாம். குற்றப்பட்டியலாகத் தான் சுமந்ததை மருத்துவக் குறிப்பாக மேசையில் வைக்கலாம்.