விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பள்ளிகளும் கிறிஸ்தவ மன்றாட்டும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பள்ளிகளுக்காகவும் மாணவர்களுக்காகவும் கிறிஸ்தவர்கள் செய்யும் மன்றாட்டு இரு இடங்களில் நடக்கிறது. திருச்சபைகள் நடத்தும் பள்ளிகளில் காலைக் கூட்டத்தின் பகுதியாக அது அமைகிறது. ஆலயங்களிலும் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும், எந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்காகவும் வேண்டிக்கொள்ளப்படுகிறது. முன்னதற்குச் சட்டம் வரம்பு வகுத்திருக்கிறது. பின்னது வழிபாட்டு உரிமையின் பாற்பட்டது.

வரலாற்றுப் பின்னணி

இவ்வட்டாரம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. கத்தோலிக்க அமைப்பில் இது புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. 1844இல் புதுச்சேரியில் கூடிய மறைமாவட்டப் பேரவை கல்விப் பணிக்கு முதன்மை தந்தது. அதே ஆண்டு அருட்தந்தை துய்புய் தொடங்கிய மரியாவின் மாசற்ற இதயக் கன்னியர் சபை, பெண் குழந்தைகளின் கல்வியைத் தன் பணியாக ஏற்றது.

சீர்திருத்தத் திருச்சபைகளில் திண்டிவனத்தோடு நெருங்கிய தொடர்புடையது, ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷன். தொடக்கத்தில் இம்மிஷன் பள்ளிகளைவிட, ஊர் ஊராகச் சென்று தமிழில் பிரசங்கம் செய்வதையே பெரிதாகக் கருதியது. பின்னர் கல்வியிலும் இறங்கியது. திண்டிவனத்தின் வால்டர் ஸ்கடர் மேல்நிலைப் பள்ளி அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆற்காடு மிஷன் சபைகள் அதில் இணைந்தன. தென்னார்க்காட்டின் பிற பகுதிகளில் டென்மார்க் லுத்தரன் மிஷன் 1860களிலிருந்து பணியாற்றியது.

திண்டிவனத்து இரவு

இவ்வட்டாரத்தின் மிகவும் அறியப்பட்ட மன்றாட்டு, அதே ஸ்கடர் குடும்பத்தைச் சேர்ந்த ஐடா ஸ்கடருடையது. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், அமெரிக்காவில் படிப்பை முடித்து, நோயுற்ற தாயைக் கவனிக்க 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தார். ஒரே இரவில் ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், மற்றோர் இந்து என மூவர் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்றும்படி அவரை அழைத்தனர். மருத்துவரான அவருடைய தந்தை வர முடியும் என்றபோதும், ஆண் மருத்துவர் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். உறங்காமல் ஜெபத்தில் கழிந்த அவ்விரவுக்குப் பின்பே ஐடா மருத்துவம் படிக்க முடிவெடுத்தார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அதுவே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

வழிபாட்டு முறைகள்

கத்தோலிக்கப் பள்ளிகளில் ஜூன் மாதம் கல்வியாண்டு தொடங்கும்போது தூய ஆவியார் திருப்பலி நிறைவேற்றுவது மரபு. கிறிஸ்தவ மாணவர்களுக்கு மறைக்கல்வியும், அதே நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பும் நடத்துவது பல பள்ளிகளின் வழக்கம். தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் பள்ளிகளில் வேத வாசிப்பு, ஞானப்பாட்டு, குறுகிய ஜெபம் ஆகியவை காலைக் கூட்டத்தில் இடம்பெறுகின்றன. மே விடுமுறையில் சபைகள் நடத்தும் வி.பி.எஸ். எனப்படும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டும் கதையுமாகப் பிள்ளைகள் கூடுகின்றனர்.

மன்றாட்டு மிகுவது பொதுத்தேர்வுக் காலத்தில்தான். பிப்ரவரி, மார்ச் மாத ஞாயிறு ஆராதனைகளில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மாணவர்களை முன்னே அழைத்துப் போதகர் ஜெபிப்பார். பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் பீடத்தருகே வைப்பவரும் உண்டு. கத்தோலிக்கர் தேர்வெழுதுவோரின் பாதுகாவலராகப் போற்றுபவர் 17ஆம் நூற்றாண்டு இத்தாலியப் புனிதரான குப்பெர்த்தினோ யோசேப்பு. படிப்பில் பின்தங்கிய அவரிடம், அவருக்குத் தெரிந்த ஒரே பகுதியிலிருந்தே தேர்வில் கேள்வி கேட்கப்பட்டது என்பது வழிவழிக் கதை. இதே பருவத்தில் இந்து மாணவர்கள் கடலூரை அடுத்த திருவந்திபுரம் ஹயக்ரீவர் சன்னதியை நாடுகின்றனர்.

தேர்வு குறித்த கவலைக்கு வட்டாரக் காரணமும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது விழுப்புரம் மாவட்டத்தில் அது சுமார் 72. 2018 பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் 97.05 விழுக்காட்டுடன் முதலிடமும், விழுப்புரம் 83.35 விழுக்காட்டுடன் கடைசி இடமும் பெற்றன.

பரந்த இயக்கங்கள்

1895இல் சுவீடனில் உருவான உலக மாணவர் கிறிஸ்தவக் கூட்டமைப்பின் வழியில், பிப்ரவரி மூன்றாம் ஞாயிறு மாணவர்களுக்கான உலக ஜெப நாளாக அனுசரிக்கப்படுகிறது. தாய்மார் வாரந்தோறும் கூடி, பிள்ளைகளின் பெயரையும் பள்ளியையும் சொல்லி வேண்டும் முறை 1984இல் கனடாவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது.

சட்ட நிலை

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை, அரசுப் பள்ளிகளைச் சமயச் சார்பற்றவையாக வைத்து, மிஷன் பள்ளிகளுக்கு அவற்றின் உலகியல் பாடங்களை மட்டும் கணக்கில் கொண்டு மானியம் தர வழிவகுத்தது. இந்திய அரசமைப்பின் 28(1) உறுப்பின்படி, முழுதும் அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில் சமய போதனை கூடாது. சிறுபான்மையினர் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30ஆம் உறுப்பு தருகிறது. ஆயினும் அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளிகளில், பெற்றோரின் ஒப்புதலின்றி எந்தச் சிறாரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக்கூடாது என்று 28(3) வரையறுக்கிறது.

அரசுப் பள்ளிகளின் காலைக் கூட்டம் 'இறைவணக்கக் கூட்டம்' என்ற பெயரிலேயே நடந்தாலும் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், உறுதிமொழி, நாட்டுப்பண் ஆகியவையே அதில் இடம்பெறுகின்றன. 2024 செப்டம்பரில் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் நடந்த ஆன்மிகச் சொற்பொழிவு சர்ச்சையானபின், பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புதிய நெறிமுறைகள் வகுக்க முதலமைச்சர் உத்தரவிட்டார். எனவே அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கிறிஸ்தவ மன்றாட்டு பள்ளி வளாகத்துக்கு வெளியே, ஆலயத்திலும் வீட்டிலுமே நடைபெறுகிறது.