எருக்குழியிலிருந்து சிமெண்டுச் சூளை வரை



குப்பைக்கும் சரித்திரம் உண்டு என்று நான் வகுப்பில் முதன்முதலாகச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அரசர்களின் வரிசையையும் போர்களின் ஆண்டுகளையும் நெட்டுருச் செய்து பழகியவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகேயுள்ள மாளிகைமேட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். முதலாம் இராசேந்திர சோழன் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய அரண்மனை நின்ற இடம் அது. அங்கே தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் 1980-களிலும், அண்மையில் 2021-ஆம் ஆண்டிலும் அகழ்ந்தெடுத்தவை எவை? கூரை ஓட்டுச் சில்லுகள், இரும்பு ஆணிகள், உடைந்த கண்ணாடி வளையல்கள், சீனத்திலிருந்து வந்த பீங்கானின் துண்டுகள். பெரும்பாலும் இவை உடைந்து, வேண்டாமென்று கைவிடப்பட்டவை. அரசன் தன்னைப் பற்றிப் பிறர் அறிய விரும்பியதை மெய்க்கீர்த்தி சொல்கிறது. அரண்மனையில் எந்தக் கிண்ணத்தில் பரிமாறினார்கள் என்பதைச் சொல்வதற்கு அந்தப் பீங்கான் துண்டைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அதே ஊரில் இன்னொரு செய்தியும் உண்டு. 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, இராசேந்திரன் எடுத்த கோயிலின் மதிற் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணை கட்டியவர்களின் கண்ணுக்கு அவை பயனற்றுக் கிடந்த கற்கள். ஊராருக்கோ அவை கோயில். 2004-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் அக்கோயிலும் சேர்க்கப்பட்டது. போன கற்கள் போனவைதாம். எது கழிவு, எது கழிவன்று என்று பிரித்தறிவது எளிய காரியம் அன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வீட்டுக் குப்பையைப் பிரித்து வைப்பது பற்றி.

நான் பிறந்து வளர்ந்தது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட ஒரு கரிசற்காட்டுச் சிற்றூரில். 1960-களின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் ‘குப்பைத் தொட்டி’ என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் கழுநீர்ப் பானைக்குப் போகும். அங்கிருந்து மாட்டின் வயிற்றுக்குப் போகும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க உதவும்; மிஞ்சியது எருக்குழிக்கு. சாணமும், மாடு தின்று கழித்த தட்டையும், வாசல் கூட்டிய சருகும் எருக்குழியில் சேர்ந்து, கோடையில் வண்டியேறி வயலுக்குப் போகும். கிழிந்த வேட்டி கரித்துணியாகும். அதுவும் கிழிந்தால் விளக்குத் திரியாகும். ஓட்டை விழுந்த இரும்புச் சட்டிக்காக நாங்கள் ஒரு குரலை எதிர்பார்த்துக் காத்திருப்போம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வருபவரின் குரல் அது. அவர் வரும் நாளில் நல்ல இரும்பும் சில வீடுகளில் காணாமற்போகும் என்பது வேறு கதை.

இதையெல்லாம் தரம் பிரித்தல் என்று யாரும் பெயரிட்டு அழைத்ததில்லை. ஒவ்வொன்றையும் வாங்கிக்கொள்ள ஒருவர், ஒரு விலங்கு, அல்லது ஒரு நிலம் காத்திருந்தது. ஆகவே ஒன்றோடொன்று கலக்கவில்லை. இதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்நிலை.

ஆனால் அதைப் பொற்காலம் என்று எண்ணிவிடாதீர்கள். நகரங்களில் மலத்தைக் கையால் அள்ளும் கொடுமையைச் சில சாதியார்மேல் சுமத்தி வைத்திருந்த காலம் அது. அதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும், அது போதாமையால் 2013-இல் மற்றொரு சட்டமும் இயற்ற வேண்டியிருந்தது. கழிவை வீட்டிலிருந்து அகற்றியவர் ஒருவர். அதைத் தொட்டுச் சுமந்தவர் வேறொருவர். என் சொந்த வாழ்விலும் இதற்கு ஒரு சான்று உண்டு. பத்து வயதில் அரிக்கேன் விளக்கின் சிம்னியை உடைத்துவிட்டேன். அடிக்குப் பயந்து, சில்லுகளை அள்ளி எருக்குழியில் போட்டு, மேலே சருகைத் தள்ளி மூடினேன். அடுத்த கோடையில் வயலில் எருவைக் கையால் இறைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரின் உள்ளங்கையைக் கண்ணாடி கிழித்தது. காயம் சீழ்வைத்து, விதைப்புக் காலம் முழுவதும் அவரால் ஏர் பிடிக்க முடியவில்லை. கூலியும் இல்லை. எருவில் கண்ணாடி எப்படி வந்தது என்று என் தகப்பனார் எல்லோரையும் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெரியவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

இனி உலகச் சரித்திரத்திற்கு வருவோம். குப்பையைப் பிரித்து வைக்கும்படி ஆணையிட்டவர்களில் புகழ் பெற்றவர் பாரிஸ் நகரத்தை உள்ளடக்கிய ஸேன் மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த யூஜின் புபெல். 1883-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். மறு ஆண்டிலேயே அது நடைமுறைக்கு வந்தது. வீட்டுச் சொந்தக்காரர்கள் மூடியுள்ள பெட்டிகளை வைக்க வேண்டும். அழுகும் பொருள் ஒன்றில், காகிதமும் கந்தையும் ஒன்றில், கண்ணாடியும் பீங்கானும் சிப்பி ஓடும் ஒன்றில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. பாரிஸ் மக்கள் சிப்பியை விரும்பி உண்பவர்கள். ஆகவே அதன் ஓட்டுக்கும் ஆணையில் இடம் கிடைத்தது. நகரம் நன்றி சொல்லியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? வீட்டுக்காரர்கள் செலவு என்று முணுமுணுத்தார்கள். தெருக் குப்பையைக் கிளறிக் கந்தை பொறுக்கிப் பிழைத்த ஆயிரக்கணக்கான ஏழைகள், தங்கள் சோற்றில் மண் விழுந்தது என்று கதறினார்கள். அவர்கள் கதறலில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். பத்திரிகைகள் ஆட்சியரின் பெயரையே குப்பைப் பெட்டிக்குச் சூட்டிக் கேலி செய்தன. இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் பெயர் ‘புபெல்’தான். பெட்டி நிலைத்தது, பிரித்து வைக்கும் பழக்கம் நிலைக்கவில்லை. ஐரோப்பா அதை மீண்டும் கற்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டில் இதே கேள்விக்கு வயலின் பக்கத்திலிருந்து விடை தேடினார்கள். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து, 1924 முதல் 1931 வரை பயிர்க் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, இடையிடையே புரட்டி, மூன்று மாதத்தில் நல்ல எருவாக்கும் முறையை வகுத்தார். இந்திய உழவர்களைக் கற்பிக்க வந்த தாம் அவர்களிடமே கற்றதாக அவர் ஒப்புக்கொண்டவர். பின்னர், 1939-ஆம் ஆண்டளவில், பெங்களூரில் சி. என். ஆச்சார்யா நகரக் குப்பையைக் குழியிலிட்டு மண்ணால் மூடிப் புரட்டாமலே மக்கவைக்கும் முறையைக் கண்டார். போர்க்காலத்து உணவுப் பஞ்சத்தில் பல நகராட்சிகள் அதை மேற்கொண்டன. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தராத பொருளாதாரம் நிலைக்காது என்று தம் வாழ்நாள் முழுவதும் வாதாடினார். 1960-இல் மதுரையில் அவர் காலமானபோது, அவர் பேச்சைக் கேட்டவர்கள் சிலரே.

எந்த முறையானாலும் ஒரு நிபந்தனை மட்டும் மாறவில்லை. குழிக்குள் போவது மக்கும் பொருளாக மட்டும் இருக்க வேண்டும். கண்ணாடிச் சில்லு கலந்த எருவை எந்த உழவரும் விலை கொடுத்து வாங்கமாட்டார். அது ஏன் என்பதை நான் பத்து வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

பிறகு பிளாஸ்டிக் வந்தது. பாலித்தீன் 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சோதனையின்போது தற்செயலாகக் கிடைத்த பொருள். கைப்பிடியோடு ஒரே தாளில் அமைந்த பையை சுவீடன் நாட்டு ஸ்டென் குஸ்டாஃப் துலின் உருவாக்கினார். 1965-இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. நமக்கு அண்டை மாவட்டமான கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்பு முதலியவற்றைச் சிறு உறைகளில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். 1980-களில் அது நாடெங்கும் பரவியது. புட்டியாக வாங்க இயலாத ஏழைக்கும் எட்டும்படி ஒரு பொருளைச் செய்ததற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த உறையைப் பாருங்கள்: ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பல மென்படலங்கள். மாடு தின்றால் சாகும்; மண் ஏற்காது; பழைய பொருள் வாங்குபவரும் சீந்தமாட்டார். எங்கள் ஊர்ச் சரித்திரத்திலேயே வாங்க ஆளில்லாத முதற்கழிவு அதுதான் என்று நினைக்கிறேன். போக்கிடம் இல்லாதது எருக்குழிக்கே வந்தது. எருக்குழி கெட்டது. கெட்ட குழியைக் கைவிட்டார்கள். கடையில் உரமூட்டை கிடைத்தபின் அதற்காக அழுதவர்களும் அதிகமில்லை.

சட்டம் பின்னால் மெள்ள நடந்து வந்தது. 1996-இல் அல்மித்ரா படேல் என்னும் அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பயனாக 2000-ஆம் ஆண்டில் நகரத் திடக்கழிவு விதிகள் பிறந்தன. 2016-ஆம் ஆண்டின் விதிகள், மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தருவதை ஒவ்வொரு வீட்டின் கடமையாக்கின. புபெலின் மூன்று பெட்டிகள் 132 ஆண்டுகள் கழித்து நம் வாசலுக்கு வந்து சேர்ந்தன எனலாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றுக்கு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் கையில் எடுக்கும்படி அரசு ஓர் இயக்கம் தொடங்கியது.

இங்கேதான் அரியலூர் மறுபடியும் கதைக்குள் வருகிறது. அரியலூர் மண்ணுக்கடியில் இருப்பது பழைய கடல். 1862-இல் வெளிவந்த ஹென்றி பிளான்ஃபோர்டின் நிலவியல் ஆய்வுநூல் இவ்வட்டாரத்துப் பாறைகளை உலகறியச் செய்தது. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கும். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்து மடிந்த உயிர்கள் விட்டுச்சென்ற ஓடுகள் அவை. பாரிஸ்காரர் மூன்றாம் பெட்டியில் போட்ட பொருளேதான். இங்கே அது மலை மலையாகக் கிடக்கிறது. அதைத் தோண்டியே சிமெண்டு ஆலைகள் எழுந்தன. அரசின் ஆலை 1979-இல் தொடங்கியது. லாரிகளின் புழுதியைப் பற்றி அரியலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிமெண்டுச் சூளையில் கல் ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வரை வேகிறது. சுடரின் வெப்பம் அதனினும் மிகுதி. அந்த நெருப்பில் மறுசுழற்சிக்கு உதவாத பிளாஸ்டிக்கை நிலக்கரியோடு சேர்த்து எரிக்கிறார்கள்; சாம்பலும் சிமெண்டோடு கலந்துவிடும். தமிழ்நாட்டின் பல நகரங்களிலிருந்தும் இவ்வகைக் குப்பை அரியலூர் ஆலைகளுக்கு வருகிறது. அப்படியானால் கவலை ஏன், எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிச் சூளைக்கு அனுப்பிவிடலாமே என்று என்னிடம் கேட்டவர் உண்டு.

முடியாது. வாழைப்பழத் தோலும் சோற்றுப் பருக்கையும் கலந்த குப்பையில் நீரே மிகுதி. அதை உலர்த்தவே வெப்பம் செலவாகிவிடும். சில குழாய்களிலும் மின்கம்பி உறைகளிலும் உள்ள பி.வி.சி. என்னும் வகையில் குளோரின் இருக்கிறது. அது மிகுந்தால் சூளையின் வாயில்களில் பொருக்குப் பொருக்காகப் படிந்து அடைத்துக்கொள்ளும். கல்லையே உருக்குகிற நெருப்பும், பிரித்துக் கொண்டுவா என்றே சொல்கிறது! எரிந்தது திரும்பி வராது என்பதையும் மறவாதீர்கள். தண்ணீர்ப் புட்டியைத் தனியே சேர்த்தால் நூலிழையாகத் திரும்பி வரும். சூளையில் போட்டால் அந்த ஒரு முறையோடு சரி. ஆகவே சூளை கடைசி இடமாக இருக்கட்டும், முதல் இடமாக வேண்டாம் என்பது என் கருத்து.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வாரம் தங்கள் வீட்டுக் குப்பையைப் பிரித்துக் கணக்கெழுதி வரச் சொன்னேன். பெரும்பாலான வீடுகளில் பாதிக்குமேல் மக்கும் பொருளே. வெங்காயத் தோல் மிகுதி. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது அல்லவா? எண்ணிக்கையில் முதலிடம் சிறு உறைகளுக்கு. தேய்ந்த மின்கலம், காலாவதியான மாத்திரை ஆகியவற்றை எந்தப் பெட்டியில் போடுவது என்று பலர் தடுமாறினார்கள். அவை அபாயக் கழிவைச் சேர்ந்தவை.

ஒரு மாணவி மட்டும் எழுந்து, எங்கள் வீட்டில் தண்ணீர் டம்ளர் உடைந்தது, அதை எதில் போடுவது, ஐயா, என்று கேட்டாள். தடித்த காகிதத்தில் பலமுறை சுற்றிக் கட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதித் தனியே கொடுக்கச் சொன்னேன். காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரின் கையிலேயே கொடுத்து, வாயாலும் சொல்லிவிடு என்றேன். அவர் என்ன சொன்னார் என்று மறுநாள் கேட்டேன். “இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பாப்பா” என்றாராம்.