அரிசியை எத்தனை தண்ணீரில் களைவது?



வீட்டுக் குறிப்புகளை நம்பலாமா, தள்ளலாமா என்பது இன்றைய மன்றத்தின் கேள்வி. எனக்கு முன் பேசிய இரு சகோதரிகளும் ஓர் இடத்தில் நன்றாகவே மோதிக்கொண்டார்கள். அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை நாலைந்து தடவை களைய வேண்டும் என்றார் ஒருவர். இரண்டு தண்ணீருக்கு மேல் போனால் சத்தெல்லாம் போய்விடும் என்றார் மற்றவர். கழுநீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்ற வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. பிறகு பச்சரிசியா, புழுங்கலரிசியா என்று பேச்சு திரும்பியது. புழுங்கலரிசிச் சோற்றில் ஒரு வாடை இருப்பதாகச் சொல்லி இந்தக் காலத்துப் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்களாம். சபையில் ஒரே சிரிப்பு.

நானும் சிரித்தேன். ஆனால் இதே கேள்விக்கு விடை தெரியாமல் இந்த மலாயா மண்ணில் ஆயிரக்கணக்கானோர் செத்திருக்கிறார்கள். விடையைக் கண்டுபிடிக்க உதவியதில் நம் வீட்டுச் சோற்றுப் பானைக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

நோயின் பெயர் பெரிபெரி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈயச் சுரங்கங்கள், சிறைச்சாலைகள், மருத்துவமனைகள் என்று எங்கும் அது ஆளைக் கொண்டுபோனது. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி, அந்த வீக்கம் மேலே ஏறி, மூச்சு முட்டி, இதயம் நின்றுவிடும். இறந்தவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டவர்கள். மருத்துவர்களைக் குழப்பியது இதுதான். ஏதோ கிருமி என்றார்கள் சிலர். ஈரமண்ணிலிருந்து கிளம்பும் விஷம் என்றார்கள் வேறு சிலர்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிரேடன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சீனர், தமிழர், மலாய்க்காரர் மூவரும் ஒரே மண்ணில்தான் வாழ்கிறார்கள், ஒரே மழையில்தான் நனைகிறார்கள். நோய் விழுவதோ பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள் மேல். தமிழருக்கு அரிது. கம்பத்து மலாய்க்காரருக்கும் அரிது. ஏன்? அவர் சோற்றுத் தட்டைப் பார்த்தார். சீனர் சாப்பிட்டது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டி வந்த அரிசி. மலாய்க்காரர் சாப்பிட்டது சொந்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்தி எடுத்த அரிசி. தமிழர் சாப்பிட்டது புழுங்கல். இதை 1907ஆம் ஆண்டு பெரிய நூலாகவே எழுதினார் அவர். ஆனால் காரணத்தைச் சொல்வதில் தவறிவிட்டார். தீட்டிய அரிசி பழசாகும்போது அதில் விஷம் ஊறுகிறது என்று அவர் எண்ணினார்.

அப்போதெல்லாம் இந்த அரிசிக் கதையை நம்பாத மருத்துவர்களே அதிகம். அதைச் சோதித்துப் பார்த்தவர் ஃபிளெட்சர். இடம் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை. பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றுதான் அன்றைய பேச்சு. 1905இல் அங்கே பெரிபெரி கடுமையாக இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் கிழக்குக் கட்டடம், அவர்களுக்குச் சயாமின் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குக் கட்டடம், அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. கட்டடத்தில்தான் நோய் இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, நடுவில் இரு தரப்பையும் இடம் மாற்றியும் பார்த்தார்.

ஓராண்டு முடிந்தது. வெள்ளை அரிசி சாப்பிட்டவர்கள் 120 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் 123 பேர். அவர்களில் ஒருவர்கூடப் பெரிபெரியால் இறக்கவில்லை. நோய் கண்டவர்கள் இருவர், அவர்களும் சேரும்போதே நோயோடு வந்தவர்கள். மருத்துவ வரலாற்று நூல்களில் இந்தச் சோதனைக்கு நல்ல இடம் உண்டு. எனக்கோ அந்த 18 பேரை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. எந்த அரிசி வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. வரிசையில் எந்த இடத்தில் நின்றார்களோ அதுதான் அவர்கள் விதியை எழுதியது.

அடுத்த சோதனையைச் செய்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும். ஜெலுபு வட்டாரத்தில் டுரியான் திப்புஸ் என்ற இடத்தில் காட்டை வெட்டிச் சாலை போட்ட ஜாவா தொழிலாளர்கள் சுமார் 300 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஆளே நுழையாத காடு என்பதால் பழைய கட்டடம், பழைய கிருமி என்ற பேச்சுக்கு இடமில்லை. வெள்ளை அரிசிப் பிரிவில் சுமார் மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் பிரிவு மாறியது! 1909இல் அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். அரிசியில் விஷம் இல்லை, தீட்டும்போது கழிகிற தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பது இதன்பின் தெளிவாகிவிட்டது.

அண்டை வீடான பத்தாவியாவில், இன்றைய ஜக்கார்த்தாவில், இதற்கு முன்னாலேயே ஒரு கோழி இந்த உண்மையைச் சொல்லப் பார்த்தது. ஐக்மான் என்ற டச்சு மருத்துவரின் கோழிகள் ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்று கால் முடங்கின. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றைச் சிவிலியன் கோழிக்குத் தர மாட்டேன் என்று மறுத்துவிட்டார். வேறு வழியின்றிக் கோழிகளுக்குத் தீட்டாத அரிசி போட்டார்கள், அவை எழுந்து நடந்தன! ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையல்காரரின் பெயரை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

தவிட்டிலும் முளையிலும் இருக்கும் அந்தப் பொருளுக்கு இன்று வைட்டமின் பி1 என்று பெயர். பச்சை நெல்லைத் தீட்டினால் அதில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்தால், அந்தச் சத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு அரிசியின் உள்ளே இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அவ்வளவாகப் போவதில்லை.

இந்த இடத்தில் நம்மவர்கள் கைதட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். நம் முன்னோருக்கு அன்றே வைட்டமின் தெரிந்திருந்தது என்று மேடையில் முழங்குவதற்கு இது வசதியான கதை. தயவுசெய்து வேண்டாம். நெல்லை அவித்தால் உமி எளிதில் கழலும், குத்தும்போது அரிசி நொறுங்காது, வண்டு சீக்கிரம் விழாது. நம் பாட்டிமார் அவித்தது அதற்காக. உயிரைக் காத்தது அவர்கள் அறியாமலே சேர்ந்த லாபம். பழக்கத்தை விடாமல் வைத்திருந்தார்களே, அந்தப் பெருமை அவர்களுக்குப் போதும்.

அந்தக் காப்பும் ஒருமுறை நம்மவர் கையைவிட்டுப் போனது. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் பர்மாவிலிருந்து வந்த அரிசி சுருங்கியது. சிங்கப்பூரில் 1944 வாக்கில் பங்கீட்டு அரிசி ஆணுக்கு மாதம் 8 கட்டி, பெண்ணுக்கு 6, பிள்ளைக்கு 4 என்று இறங்கியது. மீதி வயிற்றை மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளியும் நிரப்பின. மரவள்ளி பசியைத் தணிக்கும், ஆனால் அதில் பி1 மிகக் குறைவு. தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுக்குக் கிடைத்ததோ தீட்டிய அரிசிச் சோறு, அதுவும் அரைவயிற்றுக்கு. காலரா, மலேரியா, சீதபேதி ஆகியவற்றோடு பெரிபெரியும் அங்கே ஆளைத் தின்றது. பிரேடன் காலத்தில் எந்த இனத்தாரை அந்த நோய் தொடாமல் விட்டதோ, அவர்களைத்தான்.

சரி, சகோதரிகளின் வழக்குக்கு வருகிறேன். இரண்டு தண்ணீர் என்றவர் பக்கம்தான் நான். பி1 தண்ணீரில் கரைவது. வெள்ளை அரிசியைக் களையும்போதே அதில் மிஞ்சியிருக்கும் பி1 கால் பங்கு முதல் பாதி வரை போய்விடக்கூடும். புழுங்கலில் இழப்பு மிகக் குறைவு. கஞ்சியை வடித்துக் கொட்டினால் இன்னும் கொஞ்சம் போகும். தோட்டத்து லயத்தில் அரிசியை அரித்து அரித்துக் கழுவியது கல்லுக்கும் உமிக்கும் பயந்து. இன்று பையில் வரும் அரிசியில் கல் எங்கே இருக்கிறது?

அதற்காக வெள்ளை அரிசி சாப்பிட்டால் நாளையே பெரிபெரி வரும் என்று யாரும் மருள வேண்டாம். பருப்பு, கடலை, முட்டை, இறைச்சி சேர்த்துச் சாப்பிடும் வீட்டுக்கு அந்தப் பயம் இல்லை. மதுவே உணவாகிப்போனவர்களுக்கும், வாந்தி நிற்காமல் வாடுகிற கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சத்து குறைவது இன்றும் உண்டு, அவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்கள் புழுங்கல்தானே என்று இரண்டு தட்டுச் சாப்பிடுவதும் சரியல்ல. எந்த அரிசியானாலும் அளவு அளவுதான்.

கறிவேப்பிலை விஷயத்தில் சகோதரிகளோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் தாமான் வீட்டு வேலியோரம் நிற்கும் செடிக்கு முதல் தண்ணீர் போகிறது. இரண்டாவது தண்ணீரை என் மனைவி புளிக்குழம்புக்கு எடுத்து வைத்துவிடுகிறார். மூன்றாவது தண்ணீர் எங்கள் வீட்டில் கிடையாது.