இரண்டு வாசலில் இரண்டு கணக்கு



தோட்டத்தில் சம்பள நாளன்று, கிராணியார் செக்ரோல் புத்தகத்தை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்ட காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். எத்தனை நாள் வேலைக்கு வந்தோம், எவ்வளவு சம்பளம், சேமநிதிக்கு எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். பணம் நம் கைக்கு வருமுன்பே நம் வருமானம் இன்னொருவர் புத்தகத்தில் ஏறிவிடும். சம்பளக்காரர் தம் வருமானத்தை மறைக்க நினைத்தாலும் மறைக்க வழியில்லை.

ஆனால், சொந்தத் தொழில் செய்கிறவரின் நிலை வேறு. தம் வருமானம் இவ்வளவு என்று அவரே கணக்குப் பார்த்து அவரே சொல்கிறார். நேர்மையானவர் உள்ளதை உள்ளபடி சொல்வார். மற்றவர் என்ன செய்வார்? வரி அலுவலகத்தின் வாசலில் நின்று, “எனக்கு வருமானமே இல்லை” என்று கையை விரிப்பார். அதே மனிதர் வீட்டுக் கடன் கேட்டு வங்கியின் வாசலுக்குப் போகும்போது, “எனக்கு வருமானத்திற்கு என்ன குறைவு?” என்று மார்தட்டுவார். அங்கே ஏழை, இங்கே பணக்காரர்.

இந்த இரண்டு வாசல்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் அப்படிப் பேசத் தொடங்கிய வரலாற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். மலாயாவில் வருமான வரிக்கான சட்டம் 1947 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆட்சியில்தான் இயற்றப்பட்டது. ஆகவே, இது நமக்குத் தொடர்பில்லாத ஊர்க்கதை அன்று.

பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்த காலம். போர்ச் செலவுக்குப் பணம் போதவில்லை. பிரதமர் வில்லியம் பிட் 1799 ஆம் ஆண்டு வருமான வரியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 பவுனுக்கு மேல் வருமானம் உள்ளவர் பத்தில் ஒரு பங்கைக் கட்டவேண்டும். ஒரு கோடி பவுன் வருமென்று அவர் எதிர்பார்த்தார். வந்ததோ ஏறக்குறைய 60 இலட்சம்தான். தம் வருமானத்தைத் தாமே சொல்லும்படி விட்டதால், பலர் குறைத்துச் சொன்னார்கள்.

பிட்டுக்குப் பின் பிரதமரான ஹென்றி ஆடிங்டன் இதற்கு ஒரு வழி கண்டார். 1803 ஆம் ஆண்டு அவர் கொண்டுவந்த சட்டம், பணம் பெறுகிறவரைக் கேட்பதற்குப் பதிலாக, இயன்ற இடங்களிலெல்லாம் பணம் கொடுக்கிறவரிடமே வரியைப் பிடித்தது. குடியிருப்பவர் வாடகை கொடுக்கும்போதே வரியைக் கழித்துக்கொண்டு கொடுத்தார். வரி விகிதம் பத்து விழுக்காட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. ஆயினும், வசூல் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒருவர் வாய்ச்சொல்லை இன்னொருவர் கணக்கோடு ஒத்துப் பார்ப்பதன் பலன் அன்றே தெரிந்துவிட்டது.

ஆனாலும், தம் வரவு செலவை அரசாங்கம் எட்டிப் பார்ப்பதை மக்கள் வெறுத்தார்கள். போர் முடிந்தபின் 1816 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் வருமான வரியை ஒழித்தது. வரி ஏடுகளையெல்லாம் அழித்துவிடவும் கட்டளையிட்டது. ஆனால், அவற்றின் நகல்கள் வேறோர் அரசாங்க அலுவலகத்தில் பத்திரமாக இருந்தன! எழுதப்பட்ட கணக்கு அவ்வளவு எளிதில் அழிவதில்லை. 1842 ஆம் ஆண்டு ராபர்ட் பீல் வருமான வரியை மீண்டும் கொண்டுவந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஆம் ஆண்டு, தொழிலாளியின் சம்பளத்திலேயே முதலாளி வரியைப் பிடித்துக் கட்டும் முறை அங்கே வந்தது. மலேசியாவில் மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கும் முறை 1995 ஆம் ஆண்டு வந்தது. ஆக, உழைத்துச் சம்பளம் வாங்குகிறவரின் கணக்கு வெட்டவெளியில் இருந்தது. தம் கணக்கைத் தாமே எழுதுகிறவரின் புத்தகம் மட்டும் மூடியே இருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். வங்கிக்குத் தெரிந்ததை எல்லாம் மற்றவரிடம் சொல்லிவிடலாமா? கூடாது. இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. டூர்னியே என்பவர் வங்கிக்குக் கொடுக்கவேண்டியிருந்தது பத்துப் பவுனுக்கும் குறைவான தொகை. தவணை நின்றுபோனதும், வங்கி மேலாளர் அவர் வேலை செய்த இடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் பந்தயத்தில் பணம் விடுகிறார் என்ற தம் சந்தேகத்தையும் சொல்லிவிட்டார். டூர்னியேயின் வேலை நீடிக்கப்படவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காப்பது வங்கியின் கடமை என்று நீதிமன்றம் சொன்னது. சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுநலன் வேண்டினால், வங்கியின் சொந்த நலனுக்குத் தேவைப்பட்டால், வாடிக்கையாளர் சம்மதித்தால் என நான்கு விலக்குகளை மட்டும் அது ஏற்றது.

நேயர்களே, அந்த வழக்கில் காப்பாற்றப்பட்ட உரிமை ஒரு சாதாரண மனிதரின் உரிமை என்பதை நாம் மறக்கக்கூடாது.

இனி நம் காலத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் சம்பளச் சீட்டு எதுவும் காட்டாமல், “என் வருமானம் இவ்வளவு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலே வீட்டுக் கடன் தரும் வழக்கம் பரவியது. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்காக ஏற்பட்ட வசதி அது. நாளடைவில் அதற்குப் ‘பொய்யர் கடன்’ என்றே பெயர் வந்துவிட்டது. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் வங்கிகள் ஆட்டங்கண்டபோது இந்தக் கடன்கள்மீது எல்லோர் பார்வையும் விழுந்தது. 2014 ஏப்ரலில் வந்த புதிய விதிகள், வருமானத்துக்குச் சான்று இல்லாமல் வீட்டுக் கடன் கொடுப்பதற்கு முற்றுப்புள்ளி வைத்தன.

அதற்கு முன்பே, 2011 செப்டம்பரில், வரித்துறையும் வீட்டுக் கடன் கொடுப்போரும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். கடன் மனுவில் ஐயம் எழுந்தால், அதிலுள்ள வருமான விவரத்தை வங்கி வரித்துறைக்கு அனுப்பும். வரித்துறை தன் ஏடுகளோடு ஒத்துப் பார்த்து, கணக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று பதில் சொல்லும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்வோம். ஒருவர் வரித்துறையிடம் 15,000 பவுன் வருமானம் என்றும், வங்கியிடம் 40,000 பவுன் என்றும் சொல்கிறார். இரண்டில் ஒன்று பொய்தானே? வங்கியிடம் சொன்னது பொய்யென்றால், திருப்பிக் கட்ட வலுவில்லாத கடனைக் கேட்கிறார். வரித்துறையிடம் சொன்னது பொய்யென்றால், ஊருக்குச் சேரவேண்டியதை ஒளித்து வைக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இரண்டு இலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடன் வெளிப்பட்டுவிடுகிறது.

இதில் ஆபத்தே இல்லையா? உண்டு. 2007 ஆம் ஆண்டு அதே பிரிட்டிஷ் வரித்துறை, குழந்தை உதவித்தொகை பெறும் குடும்பங்களின் விவரம் அடங்கிய இரண்டு தட்டுகளைத் தபாலில் தொலைத்துவிட்டது. இரண்டரைக் கோடிப் பேரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. கணக்கைக் கேட்கும் உரிமை உள்ளவர்களுக்கு அதைக் காக்கும் கடமையும் உண்டு. வரி ஏய்ப்பவரைப் பிடிக்கும் வலையில் ஏழையின் மானம் சிக்கிவிடக்கூடாது.

இப்போது இந்த வாசல்கள் ஒரு நாட்டோடு நிற்கவில்லை. வெளிநாட்டில் வசிப்பவர்களின் வங்கிக் கணக்கு விவரங்களை அவரவர் நாட்டு வரித்துறைக்குத் தெரிவிக்கும் அனைத்துலக ஏற்பாட்டின்படி, மலேசியாவும் சிங்கப்பூரும் 2018 ஆம் ஆண்டு தகவல் பரிமாற்றத்தைத் தொடங்கின.

இதனால் நமக்கு என்ன? ஒருவர் மறைக்கும் வரியின் சுமை மறைக்க வழியில்லாதவர் தலையில்தான் விழுகிறது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. ஆகவே, மூடிய புத்தகங்கள் திறக்கப்படுவது சம்பளக்காரருக்கு நியாயம் கிடைக்கும் வழியாகும்.

நம் பிள்ளைகள் இன்று லாரி ஓட்டுகிறார்கள், கடை வைக்கிறார்கள், சிறு குத்தகை எடுக்கிறார்கள். வீடு வாங்கும் ஆசையில் கடன் கேட்கப் போகும்போது, “வருமானத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறேன், கையெழுத்துப் போடுங்கள்” என்று யாராவது சொன்னால், போடவேண்டாம் என்று பெற்றோர் சொல்லி வையுங்கள். மாட்டிக்கொள்வது கூட்டி எழுதினவர் மட்டும் அல்லர், கையெழுத்துப் போட்டவரும்தான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். அளந்ததை எழுதி வைப்போம். எழுதியதையே எல்லா வாசலிலும் சொல்வோம்.