கேப்சூல் எஸ்பிரெசோ இயந்திரம்

கேப்சூல் எஸ்பிரெசோ இயந்திரம் என்பது, ஒரு கோப்பைக்குரிய காப்பித்தூள் அடைத்து மூடப்பட்ட சிறு கேப்சூலின் ஊடாக வெந்நீரை உயர் அழுத்தத்தில் செலுத்திக் காப்பி வடிக்கும் மின்கருவி ஆகும். கேப்சூலைத் தமிழில் சிமிழ் எனலாம்; எனினும் புழக்கத்தில் உள்ள சொல் கேப்சூல் என்பதே. வழமையான எஸ்பிரெசோவில் கொட்டையை அரைத்தல், தூளை அளவிடுதல், அதனை அழுத்திச் சமன்செய்தல் ஆகியவை வடிப்பவரின் கைத்திறனைச் சார்ந்தவை. கேப்சூல் முறையில் இவை யாவும் ஆலையிலேயே முடிந்துவிடுகின்றன. பயனரின் பொறுப்பில் எஞ்சுபவை நீர், துப்புரவு, குப்பை ஆகிய மூன்றும், கேப்சூலை யாரிடம் வாங்குவது என்னும் கேள்வியும் ஆகும்.

செயற்பாடு

நெஸ்பிரெசோ வகைக் கேப்சூல் ஒன்றில் ஏறத்தாழ 5 முதல் 6 கிராம் காப்பித்தூள் இருக்கும். கேப்சூலை இட்டு நெம்புகோலை மூடும்போது, அதன் பின்புறத்தில் கூர்முனைகள் துளையிடுகின்றன. சிறிய பம்பு ஒன்று நீரை வெப்பமூட்டியின் வழியாகச் செலுத்த, 90 பாகை செல்சியசை ஒட்டிய வெந்நீர் கேப்சூலுக்குள் புகுகிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, முன்புறத்து அலுமினியத் தாள் புடைத்து, எதிரே உள்ள முனைகள் கொண்ட தட்டில் அழுந்திக் கிழிகிறது. காப்பி அந்தக் கிழிசல்களின் வழியே வடிகிறது.

விளம்பரங்களில் காணப்படும் 19 பார் என்னும் எண் பம்பு தரக்கூடிய உச்ச அழுத்தம் மட்டுமே. எஸ்பிரெசோவுக்கு மரபாகக் கொள்ளப்படும் அழுத்தம் 9 பார் அளவுதான். வடிக்கும்போது உண்மையில் நிலவும் அழுத்தத்தைத் தூளும் தாளும் தரும் தடையே தீர்மானிக்கிறது. ஆகவே, எண் கூடினால் சுவை கூடும் என்பதற்கில்லை.

வரலாறு

இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த ஆஞ்செலோ மோரியோந்தோ 1884இலும், மிலானைச் சேர்ந்த லூயிஜி பெசேரா 1901இலும் நீராவியால் இயங்கும் காப்பி இயந்திரங்களுக்குக் காப்புரிமை கோரினர். கேப்சூல் முறை சுவிட்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எரிக் ஃபாவ்ரின் பணியிலிருந்து பிறந்தது. அதன் காப்புரிமை 1976ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நெஸ்பிரெசோ தனி நிறுவனமாக 1986இல் தொடங்கப்பட்டபோது அலுவலகங்களையே முதன்மையாக நாடியது. அது எதிர்பார்த்தபடி விற்கவில்லை. வீடுகளை நோக்கித் திரும்பிய பின்னரே இம்முறை பரவியது.

காப்புரிமைகள் 2012 முதல் காலாவதியாகத் தொடங்க, பிற நிறுவனங்களும் பொருந்தும் கேப்சூல்களை விற்கத் தொடங்கின. வழக்குகள் பல நடந்தன. பிரான்சின் போட்டிச் சட்ட ஆணையம் தலையிட்டதை அடுத்து, இயந்திர வடிவ மாற்றங்களைப் போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க நெஸ்பிரெசோ 2014இல் இசைந்தது. அதே ஆண்டில் வெளிவந்த வெர்ச்சுவோ வகை இயந்திரம், கேப்சூலை நிமிடத்துக்கு 7,000 சுழற்சிகள் வரை சுழற்றிக் காப்பி வடிக்கிறது. கேப்சூலின் விளிம்பில் அச்சிட்ட பட்டைக்குறியைப் படித்தே அது நீரின் அளவையும் வெப்பத்தையும் அமைத்துக்கொள்கிறது. பயனருக்கு இது வசதிதான். பிறர் கேப்சூல் செய்வதற்கு இது ஒரு தடையும் ஆகும்.

இந்தியாவில்

இந்தியக் காப்பியை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் இத்தாலி நெடுங்காலமாக முன்வரிசையில் உள்ளது. தென்னிந்திய ரொபஸ்டா, நுரைக்காகவும் திடத்துக்காகவும் எஸ்பிரெசோக் கலவைகளில் சேர்க்கப்படுகிறது. இவ்வாறு கொட்டை இங்கிருந்து சென்றாலும், நெஸ்பிரெசோ இந்தியச் சந்தைக்கு முறையாக வந்தது 2024ஆம் ஆண்டின் இறுதியில்தான். அதற்கு முன்னர் வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் இயந்திரத்தைக் கையோடு கொண்டுவருவது உண்டு.

அவ்வாறு கொண்டுவருவோர் கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். அமெரிக்காவில் விற்கப்படும் இயந்திரங்கள் 120 வோல்ட், 60 ஏர்ட்சு மின்சாரத்துக்கு உரியவை. இந்திய வீடுகளில் இருப்பது 230 வோல்ட், 50 ஏர்ட்சு. வெப்பமூட்டி மட்டுமே 1,200 வாட்டுக்கு மேல் இழுப்பதால், மின்சவரக் கருவிக்கு வாங்கிய சிறு மின்மாற்றி இதனைத் தாங்காது. 1,500 வாட் மின்மாற்றி செங்கல்லைக் காட்டிலும் கனமானது. அதை வாங்கினாலும் அலைவெண் மாறுவதில்லை. ஐரோப்பா, சிங்கப்பூர், துபாய் ஆகிய இடங்களில் வாங்கியவற்றுக்கு இச்சிக்கல் இல்லை. செருகியை மாற்றினால் போதும்.

வடிகட்டிக் காப்பியும் கேப்சூல் காப்பியும்

தமிழக வீடுகளின் பித்தளை அல்லது எவர்சில்வர் வடிகட்டியில் வெந்நீர் தன் எடையால் மட்டுமே மெல்ல இறங்குகிறது. அங்கு அழுத்தம் இல்லை, காலம் உண்டு. அதில் இறங்கும் டிக்காஷனும் 40 மில்லிலிட்டர் எஸ்பிரெசோவும் செறிவில் உறவினர்கள் எனலாம், ஆனால் ஒன்றல்ல. இங்குப் பெருவழக்கான தூளில் சிக்கரி கலந்திருக்கும். இந்திய உணவு விதிகளின்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அதாவது, ஏறத்தாழப் பாதி வரை சிக்கரி இருக்கலாம். கேப்சூல்களில் பொதுவாகச் சிக்கரி இல்லை. கேப்சூல் காப்பியில் பால் கலந்தவுடன் நிறமும் கனமும் குறைந்ததாகத் தோன்றுவதற்கு இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம், பெரிய கோப்பைக்குரிய பொத்தானை அழுத்துவது. தூளின் அளவு மாறாமல் நீர் மட்டும் 110 மில்லிலிட்டராகக் கூடும்போது காப்பி நீர்த்து, கசப்பு முந்துகிறது. பால் சேர்த்துக் குடிப்போர் 40 மில்லிலிட்டர் எஸ்பிரெசோவை எடுத்து, அதைப்போல் இரு மடங்குக்கு மிகாமல் பால் சேர்ப்பது நலம். டம்ளர் நிறைய வேண்டுமெனில் இரண்டு கேப்சூல்கள் தேவைப்படும். சூடு போதவில்லை என்பதும் பரவலான குறை. பால் நுரைக்கும் கருவிகள் பாலைக் கொதிக்கவிடுவதில்லை. பாலை அடுப்பில் பொங்கக் காய்ச்சி, டபராவில் ஆற்றினால் சூடும் நுரையும் ஒருங்கே கிடைக்கும்.

செலவைக் கணிக்க எளிய வழி உண்டு. கேப்சூலுக்கு 5.5 கிராம் என்றால் ஒரு கிலோ தூளில் ஏறத்தாழ 180 கேப்சூல்கள் அடங்கும். கேப்சூல் ஒன்று 50 ரூபாய் எனக் கொண்டால், அதிலுள்ள தூளின் விலை கிலோவுக்கு 9,000 ரூபாய் ஆகிறது. கிடைக்கும் வழியும் வேறுபடுகிறது. தென்காசி மாவட்டத்துப் பண்பொழி போன்ற ஓர் ஊரில் காப்பித்தூள் தீர்ந்தால் கடைத்தெரு வரை போனால் போதும். கேப்சூல் தீர்ந்தால் கூரியருக்காகக் காத்திருக்க வேண்டும்.

நீரும் பராமரிப்பும்

இவ்வியந்திரங்கள் பழுதடைவதற்குப் பெருங் காரணம் சுண்ணப் படிவு. வன்னீரைச் சூடாக்கும்போது கால்சியம் கார்பனேட்டு பிரிந்து, வெப்பமூட்டியின் குறுகிய குழாய்களில் படிகிறது. காப்பி வரும் வேகம் குறைவதும், பம்பின் ஓசை மாறுவதும் இதன் அறிகுறிகள். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து நேரே இறங்கும் ஓடை நீரில் பொதுவாகக் கரைந்த உப்புகள் குறைவு. ஆயினும், அம்மலையடிவார ஊர்களிலேயே ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடும் உண்டு. ஊரின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்படிவு சேர்கிறதா என்று பார்ப்பதே உறுதியான சோதனை.

படிவு நீக்கச் சிட்ரிக் அமிலம் அல்லது லாக்டிக் அமிலம் சார்ந்த கரைசல் பயன்படுகிறது. வினிகரைத் தயாரிப்பாளர்கள் பரிந்துரைப்பதில்லை. அதன் நெடி எளிதில் போகாது, ரப்பர் வளையங்களுக்கும் அது நல்லதன்று.

பயன்படுத்திய கேப்சூல்கள் விழும் பெட்டியை நாள்தோறும் காலிசெய்ய வேண்டும். அலுவலகங்களில் இது யாருடைய வேலை என்று வகுக்கப்படாமையால், வெள்ளிக்கிழமை விழுந்தவை திங்கட்கிழமை பூஞ்சையுடன் வெளிவரும். குற்றாலச் சாரல் காலத்தைப் போன்று காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் இதற்கு இரண்டு நாள் கூட வேண்டியதில்லை.

கழிவு

செருமனியின் ஆம்பர்கு நகர நிருவாகம் 2016இல் அரசுப் பணத்தில் கேப்சூல் காப்பி வாங்குவதை நிறுத்தியது. கே-கப் என்னும் அமெரிக்கக் கேப்சூலை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் சில்வன், அதனை உருவாக்கியதற்காகச் சில வேளைகளில் வருந்துவதாக 2015இல் கூறினார். தமிழகத்தில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. குவளைகளும் உறிஞ்சுகுழல்களும் அப்பட்டியலில் உண்டு. காப்பிக் கேப்சூல் இல்லை.

அலுமினியக் கேப்சூலை மறுசுழற்சி செய்ய முடியும். அலுமினியத்தை உருக்கி மீளப் பயன்படுத்தத் தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். நடைமுறையில் தடையாக இருப்பது எடை. ஒரு கேப்சூலில் உள்ள அலுமினியம் ஏறத்தாழ ஒரு கிராம். பழைய பாத்திரத்தை எடைக்கு எடுக்கும் கடையில் ஒரு கிலோ போட, ஆயிரம் கேப்சூல்களைக் கிழித்துத் தூளை நீக்கிக் கழுவியாக வேண்டும். நாற்பது பேர் நாளுக்கு இரு முறை குடிக்கும் அலுவலகம் ஒன்றில் மாதத்துக்கு 25 வேலைநாள்கள் எனக் கொண்டால் 2,000 கேப்சூல்கள் சேரும். அவற்றில் அலுமினியம் 2 கிலோ; காப்பித்தூள் உலர்ந்த எடையில் 10 முதல் 12 கிலோ. ஈரத்துடன் சேர்ந்து அத்தூளின் எடை இருமடங்கை நெருங்கும். இந்தத் தூள் மக்கும் தன்மையது. உலர்த்தி உரக்குழியில் சேர்க்கலாம். நெகிழிக் கேப்சூலாயின், தூளைப் பிரித்த பின்னும் கலப்புப் பொருளாலான அந்தச் சிறு கூட்டைப் பழைய பொருள் கடைகள் பெரும்பாலும் எடுப்பதில்லை.