பேராதனை கண்ட இடைநிலை நோய்

நோட்டன் பிரிட்ஜ் போன்ற தோட்டப்பகுதிகளில் பீடைநாசினியால் நஞ்சேறியவர், மலைப்பாதையின் வளைவுகள் பல கடந்தே பெரியதொரு வைத்தியசாலையை அடைதல் வேண்டும். அடைந்த பின்னரும் அபாயம் நீங்கிவிடுவதில்லை என்பதைத் தெளிவாக எடுத்துரைத்தோர் பேராதனை மருத்துவர்களாவர்.

இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்பு ஓர் இரசாயனத்தைச் சுரக்கின்றது என 1921இல் ஒட்டோ லோவி தவளை இதயங்களைக் கொண்டு நிறுவினார். பின்னர் அசற்றைல்கோலின் என இனங்காணப்பட்ட அப்பொருளே தசைகளையும் இயக்குவது. அதனைச் சிதைக்கும் நொதியத்தைச் சேதனப் பொசுபரசு நஞ்சுகள் முடக்குகின்றன. அசற்றைல்கோலின் தேங்கவே இதயத் துடிப்புத் தளரும். சுவாசக்குழாய்களில் நீர் சுரந்து நிறையும். இவ்விரண்டையும் அத்திரோப்பீன் மாற்றவல்லது. தசைகளிடத்தோ அதற்கு ஆற்றலில்லை.

1987இல் நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 10 நோயாளரைப் பற்றி நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் எழுதினர். முதற்கண்டம் தப்பியோர், நஞ்சேறி 24 முதல் 96 மணித்தியாலங்களுள், தலையணையினின்று தலையைத் தூக்கவும் இயலாதவராயினர். சிலருக்கு மூச்சுத் தசைகளும் சோர்ந்தன. செயற்கைச் சுவாசமன்றி அவர்களைக் காக்க வேறு வழியில்லை. சோர்வோ 18 நாட்கள் வரை நீடித்தது. இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'இடைநிலை நோய்த்தொகுதி'. நாடி சீரானமை கண்டு நோயாளரை வீட்டுக்கு அனுப்புதல் எத்துணை அபாயமானது!

சுவாசக் கருவி எத்தனை கட்டில்களுக்கு எட்டும்? மருந்தினும் சட்டமே மிகுதியான உயிர்களைக் காத்தது எனல் தகும். அக்கட்டுரையில் இடம்பெற்ற மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் என்பன 1995இல் தடைசெய்யப்பட்டன. அவ்வாண்டு இலட்சத்துக்கு 47ஆக இருந்த தற்கொலை வீதம் 2005இல் 24ஆகத் தாழ்ந்தது. அதே கட்டுரையில் இடம்பெற்ற டைமெதோயேற்றும் பென்தியனும் விலக்கப்படத் தொடங்கியது 2008இலேதான்.